பெல்ட்டை அறுத்தது நான்தான்

ஆரணி பெரிய கடை வீதியில் வசிக்கும் சுமதிராஜ் நயினார் மகன் பத்மகுமார், வயது 28, பட்டுச்சேலை வியாபாரம், 1981 ஜனவரி 20ஆம் தேதி அரசு மருத்துவமனையில் நல்ல நினைவோடு உதவி ஆய்வாளர் முன் சொல்வதாவது:

நேற்று நான் ஓட்டிய கார் தீப்பிடித்தது சம்பந்தமாக என் தந்தையார் கொடுத்த புகாரின் பேரில், மெக்கானிக் ஜெயவேலைக் காவல் நிலையத்தில் வைத்திருப்பதாக இன்று காலை அறிந்தேன். அவர் சேத்துப்பட்டு சாலையில் பட்டறை வைத்திருப்பவர். என் பள்ளித் தோழர். சோழவரம் பந்தயத்தில் ஓட்டுவதற்காக நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கிய பழைய கார் அது.

எப்போது ஓட்டக் கிளம்பினாலும், முதலில் என்னைக் காரில் உட்கார வைத்து, பெல்ட் மாட்டி, துண்டால் கண்ணைக் கட்டி, ‘தீ!’ என்று ஜெயவேல் கத்துவார். நான் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்து வெளியே வர வேண்டும். பிடி உடைந்தாலும் கதவு திறக்கட்டும் என்று அதன் தாழில் உள்பக்கமாக ஒரு கயிறு கட்டினார். பெல்ட் சிக்கினால் அறுப்பதற்கு ஸ்டீயரிங் தண்டில் ஒரு கத்தியையும் உறையோடு கட்டினார். கண்ணாமூச்சி ஆடவா பந்தயத்துக்குப் போகிறோம் என்று நான் கேலி செய்ததுண்டு.

பட்டறை வாசலில் ஜெயவேல் எனக்குச் சாபம் விட்டதாக அக்கம்பக்கத்தார் சொல்வது பற்றிக் கேட்கப்பட்டது. விட்டது உண்மை. பந்தயத்துக்கென்று சென்னையில் வாங்கிய பளபளப்பான நைலான் சட்டையைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அவர் அதில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினார். அது உருகிச் சொட்டியது. அதன் பிறகு தெருவே கேட்கும்படி, “கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் நூல கொளுத்தி காட்டிகினு கீற, உன் சட்டய கொளுத்தி பாத்தியாடா? இத்த போட்டுகினு ஏறுனா கார்லயே வெந்து சாவுவ!” என்றார். தினமும் வாடிக்கையாளர் எதிரில் பட்டு நூலைக் கொளுத்தி, இது அசல் என்று சத்தியம் செய்கிறவன் நான். ஊருக்குத்தான் உபதேசம். அன்றிலிருந்து தடித்த பருத்திச் சட்டைதான் போட்டேன்.

நேற்று காலை தேவிகாபுரம் பக்கம் ஒரு மைதானத்தில் ஓட்டிப் பார்த்தபோது, என் வேகத்தால் கார் பள்ளத்தில் இறங்கிக் கவிழ்ந்தது. பெட்ரோல் குழாய் கழன்று தீப்பற்றியது. புகையில் ஒன்றும் தெரியவில்லை. பழக்கத்தில் கையே சாவியைத் திருப்பி அணைத்தது. பெல்ட் கொக்கி கழலவில்லை. அதன் பிறகு கத்தியை உருவி நானே பெல்ட்டை அறுத்தேன். கதவின் பிடி உடைந்திருந்ததால் கயிற்றை இழுத்து வெளியே விழுந்தேன். மைதானத்தில் தயாராக நின்றிருந்த ஜெயவேல், நனைத்த கோணியை என் மேல் போட்டுப் புரட்டினார். அவருடைய புருவம் கருகியிருக்கும், பார்த்தால் தெரியும்.

அறுந்த பெல்ட்டையும், கதவுக் கயிற்றையும், கத்தியையும் பார்த்து என் தந்தையார் சதி என்று நினைத்துவிட்டார். பெற்ற மனம், அவர் மேல் குறையில்லை. அந்த மூன்றாலும்தான் இன்று அவருக்கு மகனாக இருக்கிறேன். ஜெயவேலுக்கு நான் உயிர்க்கடன் பட்டவன். அவரை உடனே விட்டுவிடக் கேட்டுக்கொள்கிறேன். வேளைக்குச் சோறு இல்லையென்றால் அவருக்குக் கோபம் வரும். அதையும் என் மேல்தான் காட்டுவார். காட்டட்டும்.

யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நடந்ததை நடந்தபடி சொன்னேன். எழுதியதை வாசிக்கக் கேட்டேன், நான் சொன்னது போலவே உள்ளது. வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

(பத்மகுமார், இ.பெ. ரேகை)

வாசிக்கும்போது உடனிருந்து, மகனின் விரலைப் பிடித்து ரேகை வைக்க உதவி, சாட்சிக் கையெழுத்திட்டவர்: சுமதிராஜ் நயினார், புகார்தாரர். கையெழுத்திட்டதும் ஜெயவேலை அழைத்துவரத் தாமே காவல் நிலையத்துக்குப் புறப்பட்டார்.