மிச்சம் முப்பத்தொரு கேள்வி

துப்பாதீங்க வாத்தியாரே. ஓட்ஸ் கஞ்சிதான், விஷம் ஒண்ணும் இல்ல. இன்னும் நாலு ஸ்பூன் முழுங்கிட்டீங்கன்னா வகுப்ப ஆரம்பிச்சிடலாம். ஆமா, வகுப்புதான். நாளைக்குக் காலைல விமான நிலையத்துல, உங்க ரூம்ல, உங்க போர்டு முன்னாடி நான் நிக்கப்போறேன். ஏழு பேரு பேர் குடுத்திருக்காங்க. உங்ககிட்ட ஒரு தடவ ஒப்பிச்சுப் பாத்துட்டேன்னா எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும். ஆமான்னா ஒரு தடவ கண்ணச் சிமிட்டுங்க, இல்லன்னா ரெண்டு தடவ. தெரியும்ல?

ரெண்டு தடவையா? ஏன், நான் தனியா விமானம் ஓட்டுனதில்லன்னா? சட்டம் அதெல்லாம் கேக்கல வாத்தியாரே. தரையில நின்னு பாடம் நடத்துறதுக்குப் பைலட்டா இருக்கணும்னு எங்கயும் எழுதல. ரெண்டு பரீட்ச, அவ்ளோதான். எப்படிச் சொல்லித்தரணும்ங்கிறது ஒண்ணு. வெளிய எதுவும் தெரியாதப்ப கருவிய மட்டும் பாத்து எப்படிப் பறக்கணும்ங்கிறது இன்னொண்ணு. ஏப்ரல் மாசம் ரெண்டையும் எழுதிட்டேன், நீங்க ஆஸ்பத்திரில மூக்குல குழாயோட படுத்திருந்தப்ப. ரிசல்ட்ட எடுத்துட்டு விச்சிட்டாவுல இருக்குற விமானத்துறை ஆபீசுக்குப் போனா, அந்த ஆளு என் பேரப் பாத்துட்டுச் சிரிக்கிறான். டெல்மாரோட பொண்டாட்டியா, அந்த வெர்லீனான்னு கேக்குறான். அங்க வரைக்கும் பரப்பி விட்டிருக்கீங்க பாருங்க.

முப்பது வருசம்! ஒரே ஒரு நாள் என்ன மேல கூட்டிட்டுப் போனீங்க. வெளிய தெரியாம இருக்க அந்தக் கண்மறைப்ப என் தலையில மாட்டிவிட்டு, ஓட்டுடீன்னீங்க. நேராத்தான் போறேன்னு நெனச்சேன். விமானம் ஒரு பக்கமா சாஞ்சு சுத்திச் சுத்திக் கீழ எறங்கிட்டிருந்துச்சு. நீங்க கைய நீட்டல, நான் அலறுற வரைக்கும் பாத்துட்டிருந்தீங்க. அன்னிக்குச் சாயங்காலமே காப்பிக் கடையில கத ஆயிடுச்சு. அப்புறம் எந்தப் பையன் எறக்கையச் சாய்ச்சாலும், டேய், வெர்லீன் போட்டுட்டான்டான்னு ஒரு சிரிப்பு. பொறந்ததுலேந்து இருக்குற பேரு, அத முட்டாத்தனத்துக்கு வச்சுக்கிட்டீங்க.

செவுத்துல வேற! முதல் தடவ தனியாப் பறந்துட்டு எறங்கினவன் சட்டையில பின்னாடித் துண்ட வழக்கப்படி வெட்டி, தேதி போட்டு ஆணியடிப்பீங்க. அதுக்கு நடுவுல என் ஏப்ரன்ல ஒரு துண்டு. வெர்லீன், பூஜ்யம் நிமிசம்னு எழுதி. கழட்டிட்டேனான்னு பாக்குறீங்களா? இல்ல. இருக்கட்டும், ஏழு பேரும் பாக்கட்டும், வகுப்ப அதுலதான் ஆரம்பிக்கப் போறேன்.

சரி, பாடம். வெளிய ஒண்ணும் தெரியலன்னா காதுக்குள்ள இருக்குற தண்ணி பொய் சொல்லும். சாஞ்சிருக்கிறவனுக்கு நேரா இருக்குற மாதிரியே இருக்கும். யாருக்கு? எல்லாருக்கும். நூத்துக்கு நூறு மனுசனுக்கு. சரியா வாத்தியாரே? சிமிட்டுங்க. ம், ஆமா. கருவிப் பரீட்சப் பொஸ்தகத்துல பதினோராவது பக்கம், அத மூணு தடவ திருப்பித் திருப்பிப் படிச்சேன். உங்க நோட்டுலயும் இருக்கு, உங்க கையெழுத்துலயே. பசங்களுக்கு அத நடத்திட்டு வீட்டுக்கு வந்து, உனக்கு மூளையில என்னமோ கோளாறுடீன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கீங்க. நானும் நம்பித் தொலச்சேன். கார் ஓட்டுறதக்கூட விட்டேன்.

அழாதீங்க. தொடைக்கிறேன், இருங்க. மாணவன ஏளனம் பண்ணா அவன் படிக்கிறது அங்கயே நின்னுபோகும்னு எப்படிச் சொல்லித்தரணும்ங்கிற அந்த இன்னொரு பொஸ்தகத்துல போட்டிருக்கு. அதனால நான் உங்கள ஏளனம் பண்ணல.

கெல்சி நல்ல பொண்ணுங்க. பேச்சுப் பயிற்சிக்கு வேற யாரு இவ்ளோ பொறுமையா வருவா? அவ கொண்டுவந்த பட அட்டையில தண்ணி, வலி, கக்கூஸ்னு எவ்ளோ இருக்கு, நீங்க தெனமும் கடிகாரத்தத்தான் தொடுறீங்க. மணி என்னன்னு கேக்குறாருன்னு நெனச்சு, பாவம், அவளே காசு போட்டு அவ்ளோ பெரிய கடிகாரம் வாங்கி எதுருல மாட்டிட்டுப் போயிருக்கா. நீங்க எந்த நேரத்தக் கேக்குறீங்கன்னு அவளுக்கு எங்க தெரியும்? அக்டோபருக்குள்ள ரெண்டு மூணு வார்த்த வந்துடும்ங்கிறா. வந்ததும் அதத்தான் கேப்பீங்க. நானே சொல்லிடுறேன்.

பிப்ரவரி, அந்தப் பனி கொட்டுன நாளு. சமையல்கட்டு மேசையில மாதிரித்தாள வச்சு, ஸ்டாப்வாட்ச அமுக்கினது நீங்கதான். அம்பது கேள்வி, ரெண்டர மணி நேரம், நடுவுல எந்திரிச்சா தாளக் கிழிப்பேன்னீங்க. அந்த வாரம் மூணு தடவ கிழிச்சீங்க. காப்பி கேட்டு ஒரு தடவ, கண்ணாடி எங்கன்னு ஒரு தடவ, சும்மா கூப்பிட்டு ஒரு தடவ. அன்னிக்குப் பத்தொம்பதாவது கேள்விய முடிச்சப்ப தாவாரத்துல தொம்முன்னு சத்தம். வெர், வெர்னு உங்க கொரலு. மறுபடியும் வெளையாடுறீங்கன்னு நெனச்சுத் திரும்பிப் பாத்தேன். வாய் ஒரு பக்கமா கோணியிருந்துச்சு. அது வெளையாட்டில்லன்னு எனக்கு அப்பவே தெரியும். நான் பாத்தத நீங்களும் பாத்தீங்கல்ல?

டாக்டர்ட்ட, நான் வெளிய பனி அள்ளிட்டிருந்தேன், உள்ள வந்தா இப்படிக் கெடந்தாருன்னு சொன்னேன். சீக்கிரம் கொண்டாந்திருந்தா ஒரு ஊசி இருந்துச்சும்மான்னாரு. மிச்சம் முப்பத்தொரு கேள்வி. ஒண்ணையும் விடல, நிதானமா எழுதினேன். விடைய வச்சுத் திருத்திப் பாத்துட்டுத்தான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். அம்பதுக்கு நாப்பத்தாறு. நீங்க மட்டும் பேசுற நெலமையில இருந்திருந்தா, அந்த நாலு ஏன் போச்சுன்னு கேட்டிருப்பீங்க.