எறும்பின் வயிற்றுக்கு அடியில்

மரக்காணத்தில் பாண்டி பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு புருஷனும் பொண்டாட்டியும். லீவு முடிந்து அவன் துபாய்க்குத் திரும்புகிறான், பாண்டியில் பிளேன் டிக்கெட் போடப் போகிறார்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. நான் ஒட்டுக் கேட்கிறவள் இல்லை. அது தானாக வந்து காதில் விழுந்தது.

"அங்க பாலைவனத்துல ஒரு எறும்பு இருக்குது. உச்சி வெயில்லதான் வெளியவே வரும்" என்றான்.

"ஏன், உன்ன மாதிரி வெயில்ல வேலை வாங்க அதுக்கும் மேஸ்திரி இருக்கானா?"

"சிரிக்காத புள்ள. அதைத் திங்கிற ஓணானெல்லாம் அந்நேரம் சூடு தாங்காம பொந்துக்குள்ள போயிடும். அப்ப பாத்து இது இரை தேட வரும். சூடு மிஞ்சினா காஞ்ச புல்லு மேல ஏறி நின்னு ஆத்திக்கும். காலு நல்ல நீளம். ஓடும்போது வயிறு மணல்ல படவே படாது, அடியில வெளிச்சம் தெரியும்."

அவள் ஜன்னல் வழியாக உப்புப் பாத்திகளைப் பார்த்தாள்.

"நானும் நாளெல்லாம் உப்பளத்துல குனிஞ்சுதான் நிக்கிறேன். குனிஞ்சு பாத்தாலும் எறும்போட முதுகுதான் தெரியும். உனக்கு எப்படிய்யா வயித்துக்கு அடியில வெளிச்சம் தெரிஞ்சுது?"

இந்தக் கேள்வி எனக்கே தோன்றவில்லை.

அவன் தன் செருப்பைப் பார்த்தான். "மயங்கி விழுந்துட்டேன். கன்னம் மணல்ல கெடந்துது."

"எத்தினி வாட்டி?"

அவன் விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினான். அவள் எழுந்து கம்பியைப் பிடித்தாள்.

"கண்டக்டரே, அடுத்த ஸ்டாப்பு அனுமந்தையில நிறுத்துங்க. ரெண்டு பேர் எறங்கணும்."

"பாண்டிக்குல்ல டிக்கெட் வாங்கினீங்க?"

"வாங்கினோம். போகல."