சிவப்பு மையில் அடித்த அம்மா

தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே! முன்வரிசையில் முதுகு நிமிர்த்தி அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையின் மதிப்பெண் பட்டியலை மடித்து மடித்துக் கைப்பைக்குள் வைத்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி காலியாக இருந்தும் சுவரோரமே நிற்கும் தகப்பன்மார்களே! மருத்துவம் படித்தே தீருவேன் என்று விண்ணப்பத்தோடு வந்திருக்கும் செல்வங்களே! தாழ்ந்த தலையோடு உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவன். இருபத்தாறு ஆண்டுகளாக அடுத்தவர் எழுத்தில் அழுக்கெடுத்தே ஆயுளைக் கழித்தவன். ஒற்று மிகுந்தால் ஒழிப்பேன், சொல் மிகுந்தால் சுருக்குவேன். அச்சகத்தில் எனக்கு வைத்த பெயர் கத்தரிக்கோல். சிரியுங்கள், சிரியுங்கள். அந்தப் பெயரைச் சொல்லி நானும் ஒரு காலத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் திரிந்தேன்.

உங்கள் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. ‘மதிப்பெண் குறைந்திருந்தால் காரணம் எழுதுக.’ அதில் பிள்ளைகள் எழுதியிருப்பதைத் திருத்தித் தரவேண்டும் என்றுதான் தலைவர் அவர்கள் என்னை அழைத்தார்கள். அந்தக் கட்டத்துக்குள்தான், பெரியோர்களே, நான் என் மகளின் கனவைக் குழிதோண்டிப் புதைத்தேன்.

அவள் பட்டியலைச் சொல்கிறேன், கேளுங்கள். பத்தாம் வகுப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. பதினொன்றில் நாற்பத்தெட்டு. பன்னிரண்டில் தொண்ணூற்று நான்கு. இரண்டு மேட்டுக்கு நடுவே அந்தப் பள்ளம் எப்படி வந்தது? என் மனைவி பக்கவாதத்தில் விழுந்த ஆண்டு அது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவளைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நான் அச்சகத்தில். புரட்டியது யார்? பதினேழு வயதுப் பெண். ஒருநாள் வீட்டுக்கு வந்த மருத்துவர் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இத்தனை மாசமா படுத்திருக்காங்க, ஒரு புண் கூட இல்லையே! எந்த நர்ஸ்மா பார்க்கறாங்க?”

“நர்ஸ் இல்ல சார். நான்தான்.”

பதினோரு மாதம் அப்படிப் பார்த்தாள். பிறகு பார்ப்பதற்கு அம்மா இல்லை.

இரண்டே முறைதான் விண்ணப்பிக்கலாம் என்பது விதி. முதல் முறை அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டாள். “அம்மாவைக் காட்டி சீட் கேட்கணுமாப்பா?” என்றாள். பள்ளத்தைப் பார்த்தார்கள், தள்ளிவிட்டார்கள். அடுத்த ஓராண்டு அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சமையலறைக் கதவில் இதயத்தின் படம் ஒட்டினாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே எலும்புகளின் பெயர்களை ஒப்புவித்தாள். நான் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு தேர்வுக் குழுவாக உட்கார்ந்து, “ஏம்மா மார்க் குறைஞ்சுது?” என்று அதட்டுவேன். “சார், கோட்டுல பட்டன் இல்ல சார்” என்பாள். எங்கள் வீட்டில் வெகுநாள் கழித்துச் சிரிப்புச் சத்தம் கேட்டது அப்போதுதான்.

இரண்டாம் முறை, நான் கெஞ்சியதால், எழுதினாள். ‘அம்மா படுக்கையில் இருந்த பதினோரு மாதமும் நான்தான் அவரைப் புரட்டிப் படுக்க வைத்தேன். அதனால் அந்த ஆண்டு மதிப்பெண் குறைந்தது.’

கத்தரிக்கோல் சும்மா இருக்குமா? “விண்ணப்பத்துல கண்ணீர் ஆகாதும்மா. சுருக்கமா, கம்பீரமா இருக்கணும்” என்று சிவப்புப் பேனாவை எடுத்தேன். அடித்தேன், அடித்தேன், அடித்துத் தீர்த்தேன். ‘உடல்நலக் குறைவு காரணமாக மதிப்பெண் குறைந்தது.’ ஐந்தே சொல்!

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்பா, இதுல அம்மா எங்கப்பா?”

“அதெல்லாம் அவங்களுக்குப் புரியும். நீ பார்த்து எழுது.”

யாரது பின்வரிசையில்? “சுருக்கமா முடிங்க”வா? ஐயா, சுருக்கிச் சுருக்கித்தான் என் குடும்பம் இப்படிச் சுருண்டு கிடக்கிறது. இன்று ஒருநாள் நீட்டிப் பேச விடுங்கள்.

நேர்முகத்தில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கேட்டிருக்கிறார்: “இப்ப உடம்பு எப்படிம்மா? உனக்கு என்ன வியாதி?”

“எனக்கு இல்ல சார். அம்மாவுக்கு.”

“அப்படி இங்க இல்லையே. ஃபார்ம்ல ஒண்ணு, வாயில ஒண்ணா? யாராவது எழுதிக் குடுத்தாங்களா?”

“இல்ல சார். நான்தான் எழுதினேன்.”

கடிதம் வந்தது. ‘கூற்றுகளில் முரண்பாடு. நிராகரிக்கப்படுகிறது.’ அதில் ஒரு பிழை இல்லை, ஒரு சொல் மிகையில்லை. கத்தரிக்கோலுக்கு அங்கே வேலையே இல்லை.

“அப்பாதான் அடிச்சாருன்னு சொல்லியிருக்கலாமேம்மா” என்று கேட்டேன். என்ன சொன்னாள் தெரியுமா? “மூணு பேர் முன்னாடி உங்க எழுத்தைத் தப்புன்னு எப்படிப்பா சொல்றது?”

வேலியே பயிரை மேய்ந்தது, தாய்மார்களே! மேய்ந்த வேலியைக் காட்டிக்கொடுக்கப் பயிருக்கு மனம் வரவில்லை!

இன்று அவள் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள். மருத்துவர்களின் கிறுக்கல் கையெழுத்தைப் படித்துப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். சமையலறைக் கதவில் அந்த இதயம் இன்னும் இருக்கிறது. அவள் கிழிக்கவில்லை, கிழிக்கச் சொல்ல எனக்கு வாயில்லை. தோல்வி வெற்றிக்கு முதல் படி என்று இங்கே எனக்கு முன்னால் பேசியவர் சொன்னார். இருக்கலாம். என் வீட்டில் அந்தப் படிக்கு மேலே வேறு படி இல்லை.

ஆகவே தலைவர் அவர்களே, மன்னியுங்கள். ஒரு விண்ணப்பத்தையும் நான் தொடமாட்டேன். செல்வங்களே! படுத்துக் கிடந்தது அம்மா என்றால் அம்மா என்றே எழுதுங்கள்! வேலைக்குப் போனதால் குறைந்ததா, வேலை என்றே எழுதுங்கள்! பயத்தால் குறைந்ததா, பயம் என்றே எழுதுங்கள்! பிழை இருந்தால் இருக்கட்டும்! நீளம் என்றால் நீளட்டும்! இடம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியாது. கிடைக்காவிட்டாலும் உங்கள் வரி உங்களுடையதாக இருக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நன்றி என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பது என் வழக்கம். இன்று முழுதாகவே சொல்லிவிடுகிறேன். பதினோரு மாதம் தன் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்த மகளுக்கு, அந்த அம்மாவை ஒரே கோட்டில் அடித்துவிட்ட அப்பன் சொல்லும் நன்றி இது. அவள் இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. கடையில் யாருக்கோ மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள். வணக்கம்.