தெவ்லினின் தந்தியும் கீழே கிடக்கும் நால்வரும்

நடுநாயகமாய் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் லாரன்ஸ் டூஹி அவர்களே! ஜெபமாலையை உருட்டியபடி என்னை ஓரக்கண்ணால் பார்க்கும் அருள்தந்தை கீன் அவர்களே! வெள்ளி வெட்டி வெட்டியே விரல் தேய்ந்த பெரியவர்களே! மகனைச் சுரங்கத்துக்கு அனுப்பிவிட்டு அவன் திரும்பும்வரை வாசலிலேயே நிற்கும் தாய்மார்களே! அயர்லாந்தில் பிறந்து இந்த நெவாடா மலையில் அல்லல்படும் அத்தனை பேருக்கும், தீயில் போன கோனல் ஸ்கேலனின் மனைவி ஊனாவின் வணக்கம்.

பெண்பிள்ளை மேடையேறலாமா என்று பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்பு வருகிறது. என் புருஷன் உயிரோடிருந்தால் நான் ஏன் ஏறுகிறேன்? சும்மா உட்காரும் ஐயா!

நாளைக் காலை சுரங்கத்தில் நீரிறைக்கும் எந்திரத்தை நிறுத்தப்போகிறார்கள். வெள்ளி தீர்ந்துவிட்டதாம்! எந்திரம் நின்றால் ஊற்று பொங்கும், அடித்தளம் மூழ்கும். அங்கேதான், தீயை அடக்க எழுப்பிய மரத்தடுப்புக்குப் பின்னால், என் கோனலும் அவரோடு மூவரும் கிடக்கிறார்கள். அவர்களுக்குக் குழியில்லை, குழிமேல் நட ஒரு சிலுவையில்லை. எந்திரத்தை நிறுத்தச் சொன்னது யார்? நம் பார்னி தெவ்லின்!

யார் அந்தப் பார்னி? உருளைக்கிழங்கு அழுகிய பஞ்சத்தில் கப்பலின் அடித்தட்டில் பசியோடு சுருண்டு வந்தவர். என் கணவரோடு ஒரே சுரங்கவழியில் மண் அள்ளியவர். என் கையால் கஞ்சி வாங்கிக்கொண்டு, "ஏன் ஊனா, உப்பு வாங்கக் காசில்லைன்னு அழுது ஊத்திட்டியா?" என்பார். "திங்கிற வாய்க்குப் பேச்சு வேறயா? குடிச்சிட்டுக் கெளம்புடா!" என்பேன்.

அந்நாளில் ஒரு மண்சரிவு. நம் ஆள் ஒருவர் நசுங்கிச் செத்தார். ஆங்கிலேய மேற்பார்வையாளன், "அவன அப்புறம் பாத்துக்கலாம், வேலையப் பாருங்கடா" என்றான். பார்னி மண்வெட்டியை அவன் காலடியில் வீசினார். "பொணம் மேல வரணும். விடிய விடிய நாங்க பக்கத்துல உக்காரணும். குழியில எறக்கணும். அதுவரைக்கும் ஒருத்தனும் மண்ணத் தொடமாட்டான். போ, உன் மொதலாளிகிட்டச் சொல்லு!"

கைதட்டுகிறீர்களா? தட்டுங்கள். அன்று நானும்தான் தட்டினேன்.

அந்தப் பார்னிக்குப் பூமி தன் புதையலைத் திறந்தது. பிறர் கைவிட்ட இதே சுரங்கத்தை வாங்கி முதலாளியானார், வெள்ளி கொட்டியது. வெள்ளி தந்திக்கம்பியானது. கம்பி கடலடியில் இறங்கி ஐரோப்பாவில் கரையேறியது. மனைவி பாரிஸில் பிரபுக்களுக்கு விருந்து வைக்கிறார். மகளுக்கு இளவரசன் மாப்பிள்ளை. நாம் வயிறெரிந்தோமா? இல்லையே! நம்மவன் ஜெயித்தான் என்று குடித்தோம், கூத்தாடினோம்!

இந்தக் குளிர்காலத்தில் சுரங்கத்தில் தீப்பிடித்தது, நால்வர் மாண்டார்கள், வேலை நின்றது. பாரிஸிலிருந்து பார்னியின் தந்தி வந்தது. 'வேலைக்குத் திரும்புங்கள். நால்வரையும் மேலே கொண்டுவருவேன். இது என் வாக்கு.' நான் இதே மன்றத்து வாசலில் நின்று கதறினேன். "பொணம் வராம கீழ எறங்காதீங்கய்யா! உங்க காலைப் பிடிக்கிறேன்!" நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பார்னி நம்ம ஆளு, அக்கா. அவரு சொன்னாச் சொன்னதுதான்."

அதே தந்தியை ஓர் ஆங்கிலேயன் அடித்திருந்தால் விட்டிருப்பீர்களா? ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டையே நொறுக்கியிருப்பீர்கள்! நம்மவன் என்றதும் நம் வழக்கத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினீர்கள். தீ அணைந்தது. தடுப்பைத் திறக்க ஆள் ஒதுக்கவில்லை. வெள்ளி இருந்த பக்கம் மட்டும் ஆள் போனது. அந்தத் தடுப்பைக் கடந்துதான் நீங்களும் தினந்தினம் போனீர்கள்.

என்ன முர்த்தா? "எங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கே"யா? இருக்கிறது தம்பி. கோனலுக்கும் இருந்தது.

சென்ற வாரம் நம் தலைவர் தந்தி அடித்தார். பிணங்களை எடுக்கும் வரையாவது எந்திரம் ஓடட்டும் என்று கெஞ்சினார். பதில் வந்தது. கம்பி பார்னியுடையது. அவர் பக்கம் பக்கமாய் அடித்தாலும் காசு கேட்க ஆளில்லை. அடித்ததோ ஒரே ஒரு சொல். 'வருந்துகிறேன்.' அதைப் படித்தபோது என் கோனல் இரண்டாம் முறை செத்தார் ஐயா!

இறங்கி எடுப்போம் என்று கூவுகிறீர்கள். எதில் இறங்குவீர்கள்? இன்று காலை கூண்டைக் கழற்றிவிட்டார்கள். நம்பிக்கை சொல்லி உங்களை அனுப்பி வைக்க என்னிடம் ஒரு பொட்டு நம்பிக்கை இல்லை. நாளை தண்ணீர் ஏறும். யார் தடுக்க முடியும்?

ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். இப்போதே எழுந்து சுரங்க வாய்க்கு வாருங்கள். நம் ஊர் இழவு வழக்கப்படி புகையிலை எடுத்து வாருங்கள், விஸ்கி எடுத்து வாருங்கள். பெயர் சொல்லி ஒப்பாரி வைக்கத் தெரிந்த பெண்களே, முன்னால் வாருங்கள். அன்று நீங்கள் இருக்க மறந்த பிணக்காவலை இன்று விடிய விடிய இருங்கள். அந்தப் பள்ளத்துக்குள் குனிந்து அவர்களைக் கூப்பிடுங்கள். இன்று ஓர் இரவு மட்டும் நம் குரல் அவர்கள் கிடக்கும் இடம்வரை போகும். நாளை தண்ணீரோடு நின்றுவிடும்.

இடம் தந்த தலைவருக்கு என் நன்றி. என் வசவைப் பொறுத்த உங்களுக்கு என் வணக்கம். நான் முன்னால் போகிறேன். வருகிறவர்கள் வாருங்கள்.