ஒரு காலுக்கு இரண்டு கடிதங்கள்

"ஓடுங்கக்கா! இமிகிரேசன்!"

செவ்வாய்க்கிழமை. காலை பத்தேகால். கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடை. சமையல்காரர் குணா கத்துகிறார். என் கையில் பாதி உரித்த வெங்காயம். முன்வாசலில் பூட்ஸ் சத்தம். ஓடுகிறேன். பின்கதவு. சாக்கடை. சந்து. இடது கால் வலிக்கிறது. வலிக்கட்டும். ஓட்டம் அதற்குப் புதிதல்ல.

2009, சித்திரை மாதம். வலைஞர்மடம். வன்னிக் கடற்கரையில் தரப்பாள் கூடாரங்கள். அன்றும் காலைதான். முதலில் தூரத்தில் "டும்". பிறகு ஷெல்லின் கூவல். இரண்டுக்கும் நடுவில் எண்ண வேண்டும். அம்மா எண்ணிக்கொண்டே கஞ்சி காய்ச்சினார்.

"விழுந்து படுங்கோ!"

தம்பியின் குரல். பிறகு அவன் பேசவில்லை. அம்மாவும் பேசவில்லை. என் இடது முழங்காலுக்குக் கீழே மூன்று இரும்புத் துண்டுகள். நான் படுத்துவிட்டேன். ஆகவே உயிரோடு இருக்கிறேன்.

சந்து முடிகிறது. சாலை. ஒரு லோரி பின்னால் எடுக்கிறது. அதன் பின்கதவு கழன்று விழுகிறது. டமார். நான் விழுந்து படுத்தேன்.

யோசிக்கவே இல்லை. உடம்பு படுத்தது. லோரிச் சக்கரம் அதே இடது காலில் ஏறியது.

"ஏங்க்கா ரோட்ல படுத்தீங்க?" டிரைவர் அழுதார். நியாயமான கேள்விதான். பார்க்காமல் பின்னால் எடுத்தது தன் தப்பு என்றும் அவரே ஒப்புக்கொண்டார். ஆம்புலன்ஸ் வந்தது. கடையில் மற்ற ஐந்து பேரும் பிடிபட்டார்கள். என்னை லோரி காப்பாற்றியது என்று சொல்லலாம்.

நான் மலேசியாவுக்குச் சுற்றுலா விசாவில் வந்தவள். ஒரு மாத விசா. என் சுற்றுலா இன்னும் முடியவில்லை.

விபத்துக்கு முன்பே ஐ.நா. அலுவலகத்தில் அகதியாகப் பதியப் போனேன். என்னிடம் இருந்தது ஒரே தாள். போர் முடிந்தபின் எங்களை அடைத்துவைத்த முகாமில் கொடுத்தது. காயம் என்ற இடத்தில் "மரத்தால் விழுந்தது" என்று எழுதியிருந்தது. சொன்னது நான்தான். ஷெல் காயம் என்றால் இயக்கத்தில் இருந்தவளா என்று கேட்பார்கள். தனி வரிசைக்கு அனுப்புவார்கள். என் பள்ளித் தோழி சுதா உண்மையைச் சொன்னாள். அந்த வரிசையில் போனாள். ஆகவே நான் மரம் என்றேன். முகாமில் பாதிப்பேர் மரத்தால் விழுந்தவர்கள். வன்னியில் அவ்வளவு மரம் கிடையாது.

அந்தப் பொய் அங்கே உயிரைக் காப்பாற்றியது. கோலாலம்பூரில் அதுவே கழுத்தைப் பிடித்தது. வாயால் ஷெல் என்கிறாள், தாளில் மரம் என்கிறது. "முரண்பாடு" என்று கடிதம் எழுதி நிராகரித்தார்கள்.

அகதி அட்டை இல்லையென்றால் திருப்பி அனுப்பலாம். என் கணவர் சிவத்தை அப்படித்தான் அனுப்பினார்கள். செராஸில் பிடிபட்டார். விமான நிலையத்திலிருந்து ஒரு போன் வந்தது. நாற்பது விநாடி. எங்கள் மகள் யாழினிக்கு ஒன்பது வயது. கிள்ளானில் பிறந்தவள். பார்த்தே இராத நாட்டுக்கு அவளைத் "திருப்பி" அனுப்புவார்களாம். எந்த ஊர் நியாயம் இது? எனக்கு அட்டை வேண்டும். அவளுக்காக வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸில் வழக்கறிஞர் ஸ்டெல்லா என் வழக்கைக் கட்டணமில்லாமல் எடுத்தார். லோரியின் இன்சூரன்ஸிடம் நஷ்ட ஈடு கேட்டார். கால் எலும்பு கூடவில்லை. இரண்டாவது அறுவைச் சிகிச்சைக்கு அந்தப் பணம் வேண்டும். பதில் கடிதம் வந்தது. எக்ஸ்ரேயில் போர்க்கால இரும்பு தெரிகிறது. கால் ஏற்கெனவே பயனற்றது. லோரி கெடுக்க எதுவும் மிச்சமில்லை. பணம் கிடையாது.

ஒரு மேசையில் இரண்டு கடிதங்கள். ஒன்று, இது போர்க்காயம் என்று நம்ப முடியாது என்கிறது. மற்றது, போர்க்காயம் மட்டுமே என்கிறது. நான் சிரித்துவிட்டேன். ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

"அக்கா, இன்சூரன்ஸ் லெட்டரை அகதி அப்பீல்ல சாட்சியா வைக்கலாம். ஆனா வச்சா, லெட்டர் சொல்றது சரின்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரிதான்லா. நஷ்ட ஈட்டுக் கேஸ் அதோட போச்சு."

"கால் பழுதுதான் மிஸ். ஆனா பதினைஞ்சு வருசம் அந்தக் காலாலதான் நடந்தனான். ஓடினனான். ரெண்டும் உண்மை."

"தெரியும்க்கா. ரெண்டையும் ஒரே ஃபாரத்துல எழுதினா, மறுபடி முரண்பாடும்பாங்க. நான் முடிவு சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க."

ஜன்னலுக்கு வெளியே மோனோரயில் போனது. வழக்கமான இரைச்சல்தான். என் கை மேசை விளிம்பைப் பிடித்தது. இந்த முறை படுக்கவில்லை.

"லெட்டரை வையுங்கோ மிஸ்."

அப்பீல் நேர்காணல். வியாழன், காலை ஒன்பது மணி. ஊன்றுகோலோடு போனேன். அதிகாரி காயத்தைப் பற்றிக் கேட்டார். வலைஞர்மடத்திலேயே இந்தக் கால் போய்விட்டது என்றேன். அதன்பின் ஒழுங்காக நடக்கவே இல்லை என்றேன். முதல் பொய்யில் போரே இல்லை. இரண்டாவது பொய்யில் போரைத் தவிர வேறு எதுவும் இல்லை. இரண்டாவதை நம்பினார்கள். கேட்டுக்கொண்டிருந்த மொழிபெயர்ப்பாளர் பெண் கண்ணைத் துடைத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆத்திரமாகவும் இருந்தது. பொய்தான் வேண்டும் என்றால் முதலிலேயே சொல்லியிருக்கலாமே.

அட்டை வந்தது. என் படமும் யாழினியின் படமும். அறுவைச் சிகிச்சைக்குப் பணம் இல்லை. அதற்குள் எலும்பில் சீழ் பிடித்துவிட்டது. டாக்டர் காத்திருக்க முடியாது என்றார்.

இழந்தவற்றைக் கணக்குச் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மா. வலைஞர்மடம்.

தம்பி. வலைஞர்மடம். அதே ஷெல்.

சுதா. முகாம் வரிசை. திரும்பவில்லை.

சிவம். விமான நிலையம். அதன்பின் தெரியாது.

இடது கால், முழங்காலுக்குக் கீழே. கிள்ளான். ஃபைலில் வலைஞர்மடம் என்று இருக்கும். கையெழுத்து என்னுடையது.