கண்ணாடிப் பெட்டிக் காளி

1997 ஒக்ரோபர் 12, ஞாயிறு, ஜெனீவா. ஒரு சிறு பிழை: அருங்காட்சியகத்துப் பாலித்தீவுக் கலைக்கூடத்தின் விளம்பரப் படத்தைப் பார்த்து, ஒரு வரியும் வாசிக்காமல், ‘காளி வந்திருக்கிறா’ என்று கஜேந்தினி தாய் கமலாவதியிடம் சொல்லிவிட்டாள். இப்போது இருவரும் அங்கே, கண்ணாடிப் பெட்டிக்குள் பல்லும் நாக்கும் நீட்டிய ஓர் உருவத்தின் முன்னால்.

— அம்மா, கைப்பையை மூடுங்கோ. காவல்காரன் பாக்கிறான்.

— பாக்கட்டும். தேசிக்காய் கொண்டுவரக்கூடாதெண்டு எங்க எழுதியிருக்கு?

— குண்டூசி குத்தின செய்வினைத் தேசிக்காயெல்லோ!

— அதுக்குத்தானே வந்தனான். நாங்கள் இருக்கிற லோசானில காளி கோயில் கிடக்கோ? அங்கால மணியும் அடிக்கிறாங்கள், பூசை தொடங்கீற்றுது.

— பூசையில்லை. வெள்ளைக்காரர் பாலி மேளம் பழகினம். மெதுவாக் கதையுங்கோ.

— ஏன்? உனக்கு முற்றாக்கின சம்பந்தத்தைக் குழப்பேக்க அந்த இராஜேஸ்வரி மெதுவாவோ கதைச்சவள்? ‘தாலியறுத்தவளின்ர நிழல் என்ர மகன்ர மணவறையில விழக்கூடாது’ எண்டு ஊருக்கே கேக்கக் கத்தினவள். அம்மாளே, என்ன பல்லு, என்ன நாக்கு! அவளின்ர வாயைக் கட்டிவிடு, தாயே.

— அம்மா, இது காளியில்லை.

— நீதானே சொன்னனீ?

— பிழை விட்டிட்டன். இப்பதான் கீழ எழுதியிருக்கிறதை வாசிச்சன். இவ ஒரு கைம்பெண்ணாம்.

— கைம்பெண்ணோ?

— ஓம். சூனியக்காரியெண்டு தாய்க்குப் பயந்து மகளை ஒருத்தரும் கட்டேல்லையாம். அந்த ஆத்திரத்தில ஊர் முழுக்க நோயை ஏவிவிட்டாவாம். வாங்கோ, போவம்.

— எங்க போறது? காளிக்கெண்டால் நான் விளங்கப்படுத்தவேணும். இவவுக்கு எல்லாம் தெரியும். மறைச்சுக்கொண்டு நில், இதைப் பெட்டிக்குக் கீழ உருட்டிவிடுறன்.

— பொறுங்கோ! மிச்சத்தையும் கேளுங்கோ. பிறகு மகளுக்குக் கலியாணம் நடந்ததாம்.

— ஆர் கட்டினது?

— தாயை அடக்க வந்த ஆக்களின்ர பெடியன்தான்.

— அதுவும் எழுதியிருக்கோ?

— எழுதியிருக்கு. எழுதாததையும் சொல்லுறன். இராஜேஸ்வரி மாமியின்ர மகனும் நானும் கொம்யூன் கந்தோரில கலியாண எழுத்துக்கு நாள் எடுத்திட்டம். நாளைக்குப் பத்து மணிக்கு எழுத்து.

— எடியே! பிரவீனனோ? தாய்க்குத் தெரியுமோ?

— நாளைக்கு மத்தியானம் நாங்கள் மாமி வீட்டு வாசலில போய் நிக்கேக்க தெரியும். உங்களுக்கு இரவுக்குச் சொல்லுவமெண்டு இருந்தனான். எனக்கும் கோவம் இருக்கு, அம்மா.

— சாட்சிக்கு ஆர்?

— அவர் பக்கம் சிநேகிதன் மரியதாஸ். என்ர பக்கம் நீங்கள்.

— நானோ?

— நிழல் விழக்கூடாதெண்டவ. கையெழுத்தே விழப்போகுது.

— இந்தா, தேசிக்காயைப் பிடி. குண்டூசியளைப் பக்குவமாப் புடுங்கி வை, பிள்ளை. நாளைக்குக் காலமை என்ர பச்சைப் பட்டுச்சீலைக்குக் குத்தவேணும்.