கோதின் கழுத்து

— திரும்பச் சொல்லு பார்ப்பம், பத்மினி. என்ன சொன்னனீ?

— ஒண்டுமில்லை.

— சொல்லன். வீட்டுக்கு அடியிலை இந்தக் கெல்லருக்குள்ளை ஆர் கேக்கப் போகினம்?

— கோதின்ரை கழுத்தை இப்ப கடையக்கூடாதெண்டு சொன்னனான். இது பெரிய துவக்கு ரவையின்ரை வெறுங்கோது. முதல் அச்சுக்குள்ளை விட்டுக் கழுத்தை ஒடுக்க வேணும். ஒடுக்க ஒடுக்கப் பித்தளை தடிக்கும். தடிச்சாப் பிறகுதான் கடைஞ்சு மெல்லிசாக்கிறது. இப்பவே கடைஞ்சால் செய்த வேலை வீண், திரும்பத் தடிச்சுப் போகும்.

— தடிச்சால்?

— துவக்குக்குள்ளை கழுத்து இறுகும். கோதின்ரை வாயிலை இருக்கிற சன்னம் லேசிலை முன்னாலை போகாது. மருந்து எரிஞ்ச வேகம் முழுக்கப் பின்னாலை வரும். சுடுற ஆளின்ரை முகத்துக்கு.

— ஓ. எனக்குப் பாடம் எடுக்கிறாய். பதினாறு வயதிலை துவக்கோட படுத்தெழும்பினவன் நான். சுவிஸ் சிவப்புப் பாஸ்போட் கையிலை கிடைச்ச கிழமையே துவக்கு வாங்கினவன். நீ ஊஸ்டரிலை ஒரு பட்டறையிலை குழாய்க்கு மரை வெட்டுற ஆள்.

— இஞ்சருங்கோ, தலைமயிரை விடுங்கோ.

— மேசையிலை என்ன கிடக்கு?

— கோது.

— வடிவாக் குனிஞ்சு பார். இன்னும் கிட்டப் போய்ப் பார்.

— ஐயோ, பல்லு...

— துடை. பித்தளையிலை ரத்தம் பட்டால் கறுத்துப் போகும். இப்ப சொல்லு. முதல் என்ன செய்யப் போறாய்?

— கடையிறன்.

— பிறகு?

— பிறகு ஒடுக்கிறன்.

— செய்து போட்டு வை, விடிய நான் மருந்து போடுறன். களவா அளந்து பார்க்கிற வேலை வைச்சுக்கொள்ளாதை. மைக்ரோமீட்டரைத் தொட்டாயெண்டால் விரலை இந்த வைஸுக்குள்ளை வைச்சு இறுக்குவன். சும்மா வெருட்டுற ஆளில்லை நான்.

— தெரியும். போன மாரிக்கு இறுக்கின விரல் இன்னும் மடியுதில்லை.

— பிறகேன் வாய்?

— ஒண்டு கேக்கட்டோ? நாளைக்கு ஆர் முதல் வெடி வைக்கிறது?

— இதென்ன கேள்வி? ஒரு கடையிலையும் வாங்கேலாத ரவை இது, நானா யோசிச்சுச் செய்விக்கிறன். நான்தான் வைப்பன்.

— நீங்கள்தானே?

— எத்தினை தரம் கேக்கிறாய்?

— சரி. நீங்கள் சொன்னபடியே செய்துவிடுறன்.

*

— அப்பா, இண்டைக்குச் சுட வாற ஆக்கள் ஒருத்தரையும் ஷீஸ்ஸ்டாண்டிலை காணேல்லை.

— நல்லது, யாதவி. நாங்கள் மூண்டு பேரும் ஆறுதலாச் சுடலாம். பாயைப் போட்டுப் படு.

— நானோ? உங்கடை புது ரவையெல்லோ?

— நீதான். கிளப்பிலை கப் எடுக்கிற ஆள் நீதானே. அப்பான்ரை ரவைக்கு முதல் வெடி மகள் வைக்கட்டும்.

— எனக்கு விருப்பமில்லை. அம்மான்ரை சொண்டு ஏன் வீங்கிக் கிடக்கு?

— கெல்லர்ப் படியிலை விழுந்தவ.

— அந்தப் படி கிழமைக்கு ஒருக்கால் அம்மாவை விழுத்துது. ஒருநாளும் உங்களை விழுத்தக் காணேல்லை.

— இருபது வயதானால் வாய் நீளுமோ? படு எண்டால் படு. ஒரு ரவையை உள்ளுக்கு விடு.

— விட்டிட்டன். போல்ட் லேசாப் பூட்டுது.

— லேசாவோ, பிள்ளை?

— என்ன பத்மினி, ஏதும் சொல்லப்போறியோ?

— இல்லை... நீங்கள்தானே முதல் சுடுறதெண்டு சொன்னனீங்கள்.

— மனம் மாறீட்டுது. யாதவி, கன்னத்தைத் துவக்கிலை வை. வைச்சிட்டியோ? இனி மூச்சைப் பிடி.

— யாதவி, விரலை எடு.

— என்னம்மா?

— விரலை எடு பிள்ளை, சுடாதை. கழுத்துத் தடிச்ச ரவை அது. துவக்கு வெடிச்சு உன்ரை முகத்துக்கு வரும். கும்பிட்டுக் கேக்கிறன், எடு.

— எடுத்திட்டன் அம்மா. எழும்பீட்டன். அழாதேங்கோ.

— இப்ப வாய் திறந்தாய், என்ன? விடியத் தேத்தண்ணி தரேக்கை ஏன் திறக்கேல்லை? காருக்குள்ளை எனக்குப் பக்கத்திலைதானே குந்திக்கொண்டு வந்தனீ?

— கதைக்க விட்டனீங்களோ என்னை?

— மருந்து போட முன்னம் நான் அளந்து பார்த்தனான், பத்மினி. நீ சொன்னதுதான் சரி. தடிச்சுத்தான் கிடந்தது. எல்லாக் கழுத்தையும் நானே திரும்பக் கடைஞ்சு, அளந்து, பிறகுதான் மருந்து போட்டனான். அது இப்ப நல்ல ரவை.

— அப்ப ஏன் பிள்ளையைப் படுக்கச் சொன்னனீங்கள்?

— நீ ஆருக்காக வாய் திறப்பாய் எண்டு பார்க்க. எனக்காகத் திறக்கேல்லை. அவளுக்கெண்டவுடனை கும்பிடுறாய். என்ரை முகம் பிஞ்சு தொங்க, ஆம்புலன்சுக்கு அடிச்சிட்டு நல்ல பெண்சாதியா நிண்டு அழுதிருப்பாய், என்ன?

— அழுதிருக்க மாட்டன்.

— அம்மா, பேசாமல் இருங்கோ.

— இல்லைப் பிள்ளை, நான் சொல்லத்தான் வேணும். உனக்குப் பிறகு ஒரு பெடியன் தங்கியிருந்தவன். இந்த மனிசன் வயித்திலை உதைச்ச உதையிலை கரைஞ்சு போனான். ஆஸ்பத்திரியிலையும் படியிலை விழுந்தனெண்டுதான் சொன்னனான். இஞ்சருங்கோ, இண்டைக்கு நீங்கள் சாகிறதைப் பார்க்கத்தான் வந்தனான். வரேக்கை இனித் தேவைப்படாதெண்டு உங்கடை கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைச்சிட்டு வந்தனான்.

— வாயாலை சொல்லிப்போட்டாய். இனி நீ வீட்டை திரும்பி வரத் தேவையில்லை. யாதவி, துவக்கை இஞ்சை தா. தந்திட்டுப் போய்க் காருக்குள்ளை இரு. கண்ணாடியை ஏத்திவிடு.

— மாட்டன்.

— என்ன மாட்டன்? முதல் துவக்கை என்னிலை நீட்டாமல் மற்றப் பக்கம் திருப்பு.

— அப்பா, பின்னாலை போங்கோ. இன்னும் தள்ளி. அம்மா, நீங்கள் எனக்குப் பின்னுக்கு வாங்கோ.

— உனக்கென்ன விசரோ? அதுக்குள்ளை ரவை கிடக்கு.

— ஓம். வடிவாக் கடைஞ்ச ரவையெண்டு நீங்கள்தானே இப்ப சொன்னனீங்கள்.